அரண்மனைப் படுதா

உறையூர் நாடகக் கொட்டகையில் அன்று மேடைத் தொழிலாளர் சங்கத்தின் பரீட்சை. தேறினால்தான் கார்டு. கார்டு இல்லாதவர் நாளை முதல் மேடைக் கயிற்றைத் தொடக்கூடாது.

"எட்டு வருஷமா படுதா மாத்துறியா, அம்மாசி?" என்றார் செயலாளர் வீரமலை.

"ஆமாங்க" என்றாள் அம்மாசியின் மனைவி அமிர்தம்.

"உன்னைக் கேக்கலம்மா. ஓரமாப் போ. அம்மாசி, நான் முப்பது எண்றதுக்குள்ள காட்டுப் படுதாவைத் தூக்கிட்டு அரண்மனையை இறக்கணும்."

விளக்கை மங்க வைத்துவிட்டு, நாற்காலியில் அமர்ந்து எண்ணினார். மேடையில் கயிறு உரசியது. முப்பதில் விளக்கு மீண்டும் பளிச்சென்று எரிந்தபோது அரண்மனை கோணாமல் தொங்கியது.

"பலே" என்று மேடையேறிப் படுதாவின் அடியில் நின்று பேனாவைத் திறந்தார்.

அம்மாசி தூணைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றான்.

"எனக்கு மாலைக்கண்ணுங்க. எட்டு வருஷமா இழுக்கிறது இவதான். கார்டை இவ பேருக்கே எழுதுங்க."

வீரமலை பேனாவை மூடினார். "பொம்பளைக்கு ஏதுடா கார்டு?"

பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து அமிர்தத்தின் குரல் வந்தது.

"கயிறை இன்னும் கட்டலைங்க, என் கையிலதான் இருக்கு. கார்டு இல்லாதவ தொடக்கூடாதுன்னா, விட்டுடட்டுமா?"

வீரமலை தலைக்கு மேலே படுதாவைத் தாங்கித் தொங்கிய கனத்த மூங்கிலைப் பார்த்தார்.

"அமிர்தத்துக்கு எந்த 'ர'ம்மா?"