கூடும் இடம்

கொள்ளைநோய்க்குப் பயந்து ஊர் பாதி காலியாகியிருந்தது. கூடாரம் தைப்பவர் ஒருவர், தெருவில் கிடந்த ஓர் ஆளைத் தோளில் தூக்கிவந்து மாடி அறையில் கிடத்தினார்.

“இன்னொருத்தரா?” என்றாள் மனைவி.

“சொந்தக்காரங்களே போட்டுட்டு ஓடிட்டாங்க. ஆண்டவர் பேரைச் சொல்லிட்டு நாமளும் தாண்டிப் போறதா?”

அவள் முணுமுணுத்தபடி கஞ்சி புகட்டினாள். “குடிக்கிறதவிட என் மேல துப்புறதுதான் அதிகம்.”

ஒரு வாரம் கழித்து நோயாளிக்கு நினைவு திரும்பியது. அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“அம்மா, நான் யாருன்னு தெரியாம…”

“தெரியாம என்ன? சக்கரவர்த்தி சிலைக்குத் தூபம் காட்டலைன்னு எங்க அண்ணனைக் காட்டிக்கொடுத்தீங்களே. சிறையில அவனுக்குக் குடுத்துட்டு வந்த கஞ்சியிலதான் உங்களுக்கும் பங்கு. வாயைத் திறங்க.”

அவர் திறந்தார்.

“நாங்க ரகசியமா ஜெபத்துக்கு எங்க கூடுறோம்னு மோப்பம் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்களே, கண்டுபிடிச்சீங்களா?”

இல்லை என்று தலையாட்டினார்.

“இந்த அறைதான். நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி எல்லாரும் வந்துடுவாங்க” என்று அவர் வாயைத் துடைத்துவிட்டாள். “உங்க படுக்கையைக் கொஞ்சம் ஓரமா தள்ளிக்கிறோம். கோவிச்சுக்காதீங்க.”