மை தீர்ந்துடுச்சு சார்

"மை தீர்ந்துடுச்சு சார்."

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார் ஸ்டோர்ஸ் மேடம். ஆபீஸில் அவருக்கு 'கஜானா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான்.

கொட்டேஷன்காரர் பிரிண்டரைப் பார்த்தார். சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று கேலி செய்தது.

லிஃப்ட் விற்கும் கம்பெனி அது. எத்தனை மாடிக்கு என்ன விலை என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அன்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போன கொட்டேஷனில் ஒன்பது மாடி ஏழு மாடியாகிவிட்டது. "எண்ணத் தெரியாத ஆளை வச்சுக்கிட்டு மாரடிக்க வேண்டியிருக்கு" என்று அத்தனை பேர் முன்னாலும் மேனேஜர் சொல்லிவிட்டார்.

பதினோரு வருஷ சர்வீஸ். அரை மணி நேரத்தில் ராஜினாமாவை டைப் அடித்து, பிரிண்டும் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அதை லெட்டர்ஹெட்டில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, நேரில் கொடுக்க வேண்டும். மெயில் செல்லாது. மேனேஜர் வீட்டுக்குக் கிளம்ப இருபது நிமிஷம்தான் இருந்தது.

"முக்கியமான லெட்டர் மேடம். ஒரே ஒரு பக்கம்."

"மெஷினுக்கு முக்கியம், சாதாரணம் எல்லாம் தெரியாது சார்."

"போன வாரம்தானே மை மாத்துனீங்க?"

"அதுக்கு முந்தின வாரம்."

"ரெண்டே வாரமா? எங்க வீட்டு சோப்புகூட இதைவிட நாள் வருது."

"சோப்புல சிப் இல்லை சார்."

"மை டப்பாவை எடுத்து ஆட்டிப் பாருங்க. உள்ள கிடக்கும்."

"கிடக்கும். ஆனா இல்லைன்னு சிப் சொன்னா இல்லைதான். மெஷின் அதைத்தான் நம்பும். நம்மளை நம்பாது."

"எனக்குக் கறுப்பு மட்டும் போதும்."

"தீர்ந்தது மஞ்சள்."

"மஞ்சள் தீர்ந்தா கறுப்புக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணு போய்ச் சேர்ந்துட்டா மத்த மூணும் துக்கம் கொண்டாடும். அப்படித்தான் செஞ்சு அனுப்பியிருக்காங்க."

கொட்டேஷன்காரருக்கு மேனேஜர் மேல் இருந்த கோபம் முழுக்க மை கம்பெனி மேல் திரும்பியது.

"மெஷினை சும்மா தர்ற மாதிரி தந்துட்டு, மையில நம்ம தோலை உரிக்கிறான். நாலு கலரும் வாங்கற காசுக்கு இன்னொரு மெஷினே வாங்கிடலாம் போல."

"வாங்கிப் பார்த்தாச்சு சார். புது மெஷினோட வர்ற டப்பாவுல பாதிதான் மை."

"பீரோவுல ஸ்டாக் இல்லையா?"

"இருக்கு. நாளன்னைக்கு டைரக்டர்கள் மீட்டிங். அவங்களுக்குக் கலர்ல படம் காட்டணும்."

"அவங்க பார்க்கிற படத்துக்கு மை உண்டு. வேலை பார்க்கிறவனோட ஒரு பக்கத்துக்குக் கிடையாது. நல்லா இருக்கு மேடம். நீங்களும் அந்த மை கம்பெனியிலேயே சேர்ந்திருக்கலாம். இல்லைன்னு சொல்றதுக்கு அந்த சிப்புக்குக் குடுக்கிற சம்பளமாவது கிடைச்சிருக்கும்."

மேடம் பீரோ சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கொட்டேஷன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மேனேஜரின் கார் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கம்பெனியை விட்டுப் போவதற்குக்கூட இந்தக் கம்பெனி மை தராது என்று நினைத்தபடி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் முறை. கவுன்ட்டரில் வழக்கம்போல் கம்பெனியின் இன்சூரன்ஸ் கார்டை நீட்டினார். வாரம் இரண்டு தடவை நீட்டுகிற கார்டுதான். அன்றைக்கு அதைத் திருப்பி வாங்கி, அதிலிருந்த கம்பெனி பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே படுத்திருந்த அப்பா, "ஏன்டா முகம் இப்படி வெளுத்திருக்கு? ஊசி எனக்குத்தானே?" என்றார்.

ஆபீஸுக்குள் நுழைந்ததும் மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏழுன்னு நான்தான் குறிச்சுக் கொடுத்திருக்கேன். போன்ல ஒன்பது சரியா காதுல விழலை. மாத்தி அனுப்பிடுங்க."

மன்னிப்பு என்ற வகையில் மேனேஜர்களுக்கு அவ்வளவுதான் வரும். கொட்டேஷன்காரர் ஸீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்த லெட்டரை அழித்தார். ஒன்பது மாடிக்குக் கணக்கைத் திருத்தினார். பழக்க தோஷத்தில் பிரிண்ட் பட்டனையும் தட்டிவிட்டார்.

அந்தப் பக்கம் மெஷின் கடகடவென்று ஓடியது.

போய்ப் பார்த்தால், நாலு காப்பி பளிச்சென்று கிடந்தன. கம்பெனி முத்திரையின் மஞ்சள் கண்ணைப் பறித்தது.

"புது மை போட்டுட்டீங்களா மேடம்?"

"இல்லையே. பழசுதான்."

"நேத்து தீர்ந்துடுச்சுன்னீங்க?"

"மஞ்சள் டப்பாவை லேசா நெம்பி விட்டா சிவப்பு விளக்கு எரியும் சார். அழுத்தி விட்டா அணைஞ்சிடும்."

"எதுக்கு அப்படி?"

"யார் எதை பிரிண்ட் கொடுத்தாலும் ஃபைல் பேரு என் ஸ்கிரீன்ல வரும். நீங்க 'போதும்டா சாமி'ன்னு பேர் வச்சிருந்தீங்க. அது ஆஸ்பத்திரி கொட்டேஷனாவா இருக்கும்?"

கொட்டேஷன்காரருக்கு நேற்று பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"இன்னைக்கும் வந்து கேட்டிருந்தா?"

"மறுபேச்சு இல்லாம அடிச்சுக் கொடுத்திருப்பேன். மறுநாளும் அதே முடிவுல இருந்தா, அது உங்க முடிவு. நான் யாரு தடுக்க?"

"அப்படி யாராவது ரெண்டாம் நாள் வந்திருக்காங்களா?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் இல்லை." மேடம் தாள்களை அடுக்கி, பின் அடித்து அவர் கையில் கொடுத்தார். பிறகு மேனேஜர் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"உங்க மேனேஜருக்கே ரெண்டு தடவை மை தீர்ந்திருக்கு சார்."