பல்லிப் பெட்டி

மதுரையில் பல்லிகள் செத்தொழிந்து வெகுகாலமாகியும், பல்லி சொல்லாமல் யாருக்கும் ஒரு காரியமும் ஓடவில்லை. அதனால் வீட்டுக்கு வீடு பல்லிப் பெட்டி மாட்டியிருந்தார்கள். யாராவது பேசும்போது அது பாட்டுக்கு ‘உச் உச்’ என்னும். சொன்னது சத்தியம் என்று எல்லாரும் தரையைத் தட்டிக்கொள்வார்கள்.

வேதவல்லிக்கு அதன்மேல் எரிச்சல். புருஷன் கதிர்வேல் வாயைத் திறந்தால் போதும், உச்சுக் கொட்டிவிடும். ஊரைவிட்டே போகலாம் என்று அவன் ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்ததால், இன்று அவன் வருவதற்குள் பெட்டியின் பேட்டரியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவன் வந்து தரையில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான். "இந்த வெக்கையில இங்க என்னடி இருக்கு? ஒரு பூச்சி பொட்டு உண்டா? இனிமே இந்த ஊர்ல எந்த உசுரும் தங்காது."

உச், உச், உச்.

கதிர்வேல் தரையைத் தட்டினான். "பாத்தியா, பல்லியே சொல்லிருச்சு!"

வேதவல்லி இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். பேட்டரி அங்கேதான் இருந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, பெட்டியை மெல்ல நகர்த்தினாள். வெளிறிய வால் ஒன்று சுவரில் நெளிந்தது.

"சொல்லிருச்சுதான்," என்றாள் மூச்சுவிடாமல். "யாரு சொன்னதுன்னு வந்து பாருங்க."