பக்கத்து வீட்டுக் கார்

“இந்தக் கார் யாருதுய்யா?”

“பக்கத்து வீட்டுச் செல்லையா அண்ணாச்சியோடது சார்.”

“செல்லையாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. கார வச்சு என்ன பண்ணுதாரு, கோழி அடைக்கவா?”

“அவரு மருமவன் வாங்கிக் குடுத்திருக்கான் சார்...”

“யார்ட்ட கதை விடுதீரு?”

கதவுக்குப் பின்னால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் அப்பாவும் வி.ஏ.ஓ.வும்.

வி.ஏ.ஓ. வருமானச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட்டால் அரசு உதவித்தொகை வரும். வந்தால் ஆம்புலன்ஸ் வேலைக்கான படிப்பைத் தொடரலாம். வராவிட்டால் டவுன் ஜவுளிக்கடையில் நிற்க வேண்டியதுதான்.

கார் இருந்தால் கிடைக்காது என்று டீக்கடையில் யாரோ சொன்னது. அப்பா நம்பிவிட்டார். உண்மையில் அது அப்பாவின் கார்தான், தவணை முடியாத பழைய கார். சவாரி வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

வெளியே திடீரென்று பேச்சு நின்றது.

எட்டிப் பார்த்தாள்.

வி.ஏ.ஓ. வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இடது தோளைத் தேய்த்தார். பிறகு தாடையைப் பிடித்தார்.

“ஒண்ணுமில்லம்மா. வாய்வு.”

ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி தாறுமாறாக ஓடியது.

வாய்வு இல்லை, மாரடைப்பு. வகுப்பில் நடத்தியிருந்தார்கள்.

108-ஐ அழைத்தாள். பக்கத்து வண்டி ஒரு விபத்துக்குப் போயிருந்தது. அடுத்தது வர முக்கால் மணி நேரம் ஆகுமாம்.

அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா செல்லையா வீட்டைப் பார்த்தார். பூட்டியிருந்தது.

சாவி அப்பாவின் சட்டைப் பையில்.

“அப்பா, வண்டிய எடுங்க.”

அப்பா அசையவில்லை.

“எடுங்கப்பா!”

பின்சீட்டில் அவரைச் சாய்த்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, நாடியிலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்தாள். கார் பறந்தது.

ஆஸ்பத்திரி வளைவில் அவர் கண்ணைத் திறந்தார். ஸ்டீயரிங்கில் அப்பாவின் பழகிய கையைப் பார்த்தார். பிறகு அவளை.

“ஏம்மா, இந்தக் காரு...”

“பேசக் கூடாது சார்.”

நெஞ்சுவலிக்காரரைப் பேசவிடக் கூடாதுதான். அதற்காகத்தான் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிழைத்து வந்தால் அவர் திரும்பவும் கேட்பார். அவள் என்ன சொல்லணும்? அவர் கையெழுத்துப் போடணுமா, கூடாதா? படிக்கிறவங்க கீழே ஒரு வரி எழுதுங்க.