சுபைதாவின் கால்கள்

பாலாவிப் பாடசாலை மண்டபத்துக்குள் பின்னேர வெயில் சாய்ந்து கிடக்கிறது. முதற்பிரதி வாங்கிய உப்பள முதலாளி பொன்னாடையோடு முன்வரிசையில் இருக்கிறார். இர்பான் தன் முதல் கவிதைத் தொகுப்பை விரித்து, உப்பு அரித்து வெடித்த சுபைதாவின் கால்களைப் பற்றி வாசிக்கிறான். அந்த முதலாளியின் உப்பளத்தில் வேலை செய்யும் சுபைதா, இர்பான் அழைத்தானே என்று பெருநாள் சேலை உடுத்து வந்து பின்வரிசையில் இருக்கிறாள். "ராத்தா, இது ஒங்கட கால்தானே? எங்க, காட்டுங்க பாப்பம்," என்கிறாள் பக்கத்தில் இருப்பவள். சிரிப்பு எழுகிறது. தலைகள் திரும்புகின்றன, முதலாளியும் எட்டிப் பார்க்கிறார். சுபைதா கால்களைக் கதிரைக்கு அடியில் இழுத்துச் சேலையை இறக்கிவிடுகிறாள். இர்பானுக்குக் காது சுடுகிறது. நிறுத்திவிடலாம். ஆனால் இன்னும் நாலு வரி இருக்கிறது, தொகுப்பிலேயே நல்ல வரிகள். குரலைச் சற்று உயர்த்தி அவற்றையும் வாசிக்கிறான்.