பாப்பாவின் கோட்டை

இந்தக் காலத்தில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடக்கூட கடையில் கோட்டை வாங்குகிறார்கள். பிளாஸ்டிக் குச்சிகளை உருண்டையில் செருகி, மேலே துணியைப் போர்த்தினால் கோட்டையாம். பேத்தி செத்த பிறகும் என் மகன் அதைப் பிரிக்க விடவில்லை. வேலை முடிந்து வந்ததும் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்கிறான். ஆறடி ஆள். முதலில் முழங்காலுக்குக் கீழே வெளியே கிடந்தது. பிறகு பாதம் மட்டும் தெரிந்தது. இன்று குதிகால்கூட இல்லை. கோட்டைக்குப் பின்னால் சுவர்தான்.

"டேய், சாப்பிட வாடா."

"பாப்பா இப்பதான் தூங்குதுப்பா. நீங்க சாப்பிடுங்க."

குரல் தெருக்கோடியிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"காலை மடக்கிக்கிட்டு என்னடா நாடகம்?"

மடக்கித்தான் படுத்திருப்பான், வேறென்ன. துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவன் தட்டை மூடிவைத்துவிட்டு வெளியே நடந்தேன்.