சோதனைத் தாள்

கறுப்பு உடுப்பைக் கண்டதும் ஃபீஃபி கடை ரேடியோவை அணைத்தான். இறுதிச் சடங்குகள் நடக்கிற சனிக்கிழமை காலையில், கானாவின் தக்கோராடியில் ஒருத்தி தலைமுதல் கால்வரை கறுப்பில் வந்தால், எந்த வீட்டுச் சாவு என்றுதான் கேட்பார்கள். எதற்குக் கறுப்பு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"உக்காருங்க அக்கா. மனசைத் தேத்திக்குங்க," என்றான்.

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். ஒட்ட வெட்டிய முடி, மடிப்புக் கலையாத கவுன், மடியில் கைப்பை.

"வீட்டுக்குன்னா, விலை மலிவா, எந்தப் பிரிண்டர் நல்லதுன்னு சொல்வீங்க தம்பி?"

ஃபீஃபிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மூன்று வாரமாக அவன் கையால் ஒரு பிரிண்டர்கூட விற்கவில்லை. "இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஒண்ணாவது போகணும். இல்லேன்னா திங்கக்கிழமை நீ வர வேணாம்," என்று காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் முதலாளி அஃபுல் பின்னறையில் போய் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் ஊர் வழக்கப்படி பெண் கேட்டுக் கதவு தட்டப் போகவேண்டியவன் ஃபீஃபி. வேலை இல்லாதவனுக்கு அந்த வீட்டில் கதவைத் திறக்க மாட்டார்கள்.

"மொதல்ல, மாசத்துக்கு எத்தனை பக்கம் அடிப்பீங்கன்னு கேக்கணும் அக்கா. மத்ததெல்லாம் அப்புறம்தான்."

"கொஞ்சம்தான்னு வச்சுக்குங்க."

"இந்தக் குட்டி மெஷின் விலை கம்மி. ஆனா நாலு தடவை கார்ட்ரிட்ஜ் மாத்தினா மெஷின் விலையே போயிடும். அந்த டேங்க் வச்சது கொஞ்சம் கூட. ஒரு தடவை மை ஊத்தினா ஆயிரக்கணக்குல பக்கம் வரும். எதை வாங்கினாலும் வாரத்துக்கு ஒரு தாளாவது அடிக்கணும். சும்மா கெடந்தா மை காஞ்சு அடைச்சுக்கும்."

"ஹர்மத்தான் காத்துல புழுதி அடிக்கிறப்போ?"

"துணி போட்டு மூடி வச்சிடணும்."

துக்கத்திலும் இவ்வளவு கவனமாகக் கேட்கிறாளே என்று ஃபீஃபிக்கு மரியாதை கூடியது. மூன்று வாரத்தில் அவன் யாரிடமும் இத்தனை நன்றாகப் பேசியதில்லை.

அவள் கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். "இதுல ஒரு தாள் இருக்கு. அடிச்சுக் காட்டறீங்களா? முகம் தெளிவா விழணும்."

மேலே நீள முடி வைத்த ஒரு பெண்ணின் படம். கீழே அராபா க்வான்சா என்று பெயர், பிறந்த தேதி, படித்த பள்ளிகள், பார்த்த வேலைகள், சர்ச் பாடகர் குழு. சாவு வீட்டில் வருகிறவர்கள் கையில் கொடுக்கும் வாழ்க்கைக் குறிப்பை ஃபீஃபி எத்தனையோ பார்த்திருக்கிறான். இதில் இறந்த தேதி மட்டும் இல்லை. அதைக் கேட்டுப் புண்ணைக் கிளற அவனுக்கு மனம் வரவில்லை.

படத்தில் இவளுடைய சாயல் அப்படியே இருந்தது. கூடப் பிறந்தவளாக இருக்கும்.

"சின்ன வயசு அக்கா."

"இருபத்தொம்பது," என்று அவளும் பெருமூச்சு விட்டாள்.

குட்டி மெஷினில் முகம் சாம்பல் பூசி வந்தது. இரண்டாவதில் பச்சை தட்டியது. டேங்க் மெஷினில்தான் அராபா பளிச்சென்று சிரித்தாள்.

"கடைசியில ஒரு வரி சேக்கலாமே அக்கா. யார்கிட்டயும் முகம் சுளிக்காம பழகுவாங்க, எடுத்த வேலையைப் பாதியில விடமாட்டாங்கன்னு. படிக்கிறவங்க மனசுல நிக்கும்."

அவள் முகம் மலர்ந்தது. "நல்லாருக்கே! எனக்குத் தோணவே இல்லை பாருங்க. நீங்களே போடுங்க தம்பி."

ஃபீஃபி கடை லேப்டாப்பில் தன் கையாலேயே தட்டினான். முன்பின் தெரியாதவளுக்காகக் கண் கலங்கியதில் இரண்டு எழுத்துப் பிழை விழுந்தது. திருத்தினான்.

"எத்தனை காப்பி?"

"ஒண்ணு போதும்."

மீதியைப் புது மெஷினில் வீட்டிலேயே அடித்துக்கொள்வாள் போலிருக்கிறது. நல்ல சிக்கனக்காரி. ஃபீஃபி ஏணியில் ஏறி டேங்க் பிரிண்டர் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, கயிறு கட்டி, தூக்கிப் போக வசதியாகப் பிடியும் போட்டான். திங்கட்கிழமை அவனுக்கு வேலை உண்டு. அடுத்த மாதம் கதவும் தட்டலாம்.

நிமிர்ந்து பார்த்தபோது அவள் இருக்கையில் இல்லை. சூடு ஆறாத தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்பாள். கேட்கட்டும், துக்க வீடு, முதலாளியும் மனுஷன்தானே என்று ஃபீஃபி ரசீதுப் புத்தகத்தைத் திறந்தான்.

பின்னறையிலிருந்து முதலாளியின் குரல் கேட்டது. "வாம்மா அராபா. போன்ல பேசின பொண்ணுதானே நீ? பயோடேட்டா கொண்டாந்திருக்கியா, குடு. பலே, முகம் சுளிக்காம பழகுவியா! அதுதான் இந்தக் கடைக்கு வேணும். சரி, பிரிண்டர் விக்கிறதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"மொதல்ல, மாசத்துக்கு எத்தனை பக்கம் அடிப்பீங்கன்னு கேக்கணும், ஐயா."